முழு சூரிய கிரகணம் பார்க்கக் கிளம்புகிறீர்களா? கூட்டத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்

முதன்முறையாக முழு சூரிய கிரகணம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்றுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கிரகணம் எந்த இடத்தில் எந்த நொடியில் தொடங்கும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிடப்பட்டுவிடுகிறது. அதனால் கூட்டம் எங்கே சேரும், எப்போது கலையும் என்பதும் ஓரளவு முன்பே தெரிந்த விஷயம்தான். வானிலை நம் கையில் இல்லை. ஆனால் கூட்டம் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, அது கலைந்த பிறகு கிளம்புவது நம் கையில் இருக்கிறது. இதைச் செய்தாலே பயணத்தின் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் கடந்த கிரகணத்தின் பாதைக்குள், அதாவது முழு கிரகணம் தெரியும் பகுதிக்குள், வசித்தவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். 2024 ஏப்ரல் 8 அன்று அதே நாட்டில் பாதைக்குள் இருந்தவர்கள் 3 கோடிக்கும் மேல். இவர்கள் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கக் கூடியவர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் தனி. இத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்ததால்தான் 2024இல் டெக்சஸ் மாநிலத்தின் சில கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) கிரகணத்துக்கு முன்பே பேரிடர் அறிவிப்பு வெளியிட்டு, சாலைக்கும் மருத்துவ உதவிக்கும் ஏற்பாடு செய்துகொண்டன. அரசு நிர்வாகமே அப்படித் தயாராகும்போது, நாமும் கொஞ்சம் தயாராகத்தான் வேண்டும்.

99 விழுக்காடு போதாது

நிலவின் கருநிழல் பூமியின் மேல் ஒரு நீண்ட பட்டையாக ஓடுகிறது. அதன் அகலம் கிரகணத்துக்குக் கிரகணம் மாறும். பெரும்பாலும் 100 முதல் 250 கிலோமீட்டருக்குள் இருக்கும். அந்தப் பட்டைக்குள் நிற்பவர்களுக்கு மட்டுமே முழு கிரகணம். வெளியே எவ்வளவு பக்கத்தில் நின்றாலும் பகுதி கிரகணம்தான்.

"நாங்கள் தங்கும் ஊரிலேயே 99 விழுக்காடு மறைகிறதே, அதற்கு மேல் எதற்கு அலைய வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கெஞ்சிக்கூடச் சொல்வேன்: அலையுங்கள். சூரியனைச் சுற்றியுள்ள கரோனா என்ற வெண்ணிற ஒளிப்படலம் ஏறக்குறைய முழுநிலவின் அளவுக்குத்தான் ஒளிர்கிறது. சூரியத் தட்டில் நூறில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தாலும், அந்தக் கீற்றின் ஒளி முழுநிலவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அது இருக்கும்வரை கரோனா கண்ணுக்குத் தெரியாது. பகலில் வெள்ளி கிரகம் பளிச்சென்று எழுவதும், நான்கு திசை அடிவானத்திலும் அந்திச் சிவப்பு பரவுவதும் கிடைக்காது. வெளிச்சம் கொஞ்சம் மங்கியது போலிருக்கும், அவ்வளவுதான். 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தின் பாதை ஸ்பெயினைக் கடக்கும்போது மாட்ரிட்டும் பார்சிலோனாவும் பட்டைக்கு வெளியே, அதுவும் மிக அருகில் விழுகின்றன. அந்த நகரங்களில் விடுதி எடுத்தவர் சிறிது தூரம் நகர்ந்தால் கிடைப்பது வேறொரு வானம்.

பாதையைச் சரிபார்ப்பது எளிது. நாசா வெளியிடும் வரைபடங்கள், டைம் அண்ட் டேட் தளம், பிரான்சைச் சேர்ந்த சேவியர் ஜூபியே உருவாக்கிய ஊடாடும் வரைபடம் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அங்கே பகுதி கிரகணம் தொடங்கும் நேரம், முழு மறைப்பு தொடங்கி முடியும் நேரம், சூரியன் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதெல்லாம் வந்துவிடும். நேரம் உலகப் பொது நேரத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறதா, உள்ளூர் நேரத்திலா என்பதை மட்டும் இரண்டு முறை பாருங்கள். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் ஒரு மணி நேரம் தவறிப்போக வாய்ப்புண்டு.

எந்தக் கிரகணம்?

ஒவ்வொரு கிரகணத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. அதைப் பொறுத்துத்தான் திட்டமும் அமையும்.

2026 ஆகஸ்ட் 12: கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின். அதிகபட்ச முழு மறைப்பு 2 நிமிடம் 18 நொடி. ஸ்பெயினில் இது சூரியன் மறையும் நேரத்துக்கு நெருக்கமாக வருகிறது. வடமேற்கே ஆ கொருனியாவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 12 பாகை உயரத்தில் இருக்கும். மயோர்க்கா தீவில் 2, 3 பாகைதான். ஒரு மரவரிசையோ ஒரு குன்றோ போதும், எல்லாம் மறைந்துவிடும். இதற்கு மேற்குத் திசை முழுக்கத் திறந்திருக்கும் இடம்தான் முதல் தேவை.

2027 ஆகஸ்ட் 2: தெற்கு ஸ்பெயின், மொராக்கோவிலிருந்து எகிப்து வழியாகச் சவூதி அரேபியா, ஏமன் வரை. எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடம் 20 நொடிக்கு மேல் நீடிக்கும். இவ்வளவு நீளமான முழு மறைப்பு அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆனால் அங்கே சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருக்கும், நேரம் பிற்பகல் 1 மணியை ஒட்டி. ஆகஸ்ட் மாதத்தில் லக்சரின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். மேகத்தைப் பற்றிய கவலை அங்கே குறைவு. தண்ணீர், நிழல், வெப்ப மயக்கம் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

2028 ஜூலை 22: ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்து நியூசிலாந்தின் தெற்குப் பகுதிக்குப் போகிறது. சிட்னி மாநகரமே பாதைக்குள் வருகிறது, 3 நிமிடத்துக்கு மேல். 50 லட்சம் பேர் வசிக்கும் நகரத்தின் போக்குவரத்தோடு வெளியூர்க் கூட்டமும் சேரும் என்பதால், அங்கே வாடகைக் கார் எடுப்பதைவிட நடந்தே போகக்கூடிய தூரத்தில் தங்குவது உத்தமம்.

முதல்முறை போகிறவர் என்றால் நொடிக்கணக்கைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள் என்பது என் கருத்து. இரண்டு நிமிடமும் போதும். விசா, சாலை வசதி, பாதுகாப்பு, வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு ஆகிய நான்கும் சரியாக இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

நடுக்கோட்டை விட்டு விலகுங்கள்

பாதையின் நடுக்கோட்டில்தான் மறைப்பு அதிக நேரம் நீடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எனவே எல்லாரும் அங்கேயே போகிறார்கள். இங்கேதான் ஒரு சின்ன வடிவியல் நமக்குக் கை கொடுக்கிறது. நிழல் ஏறக்குறைய வட்டம். வட்டத்தின் நடுவில் வெட்டினாலும், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வெட்டினாலும் நீளத்தில் பெரிய வித்தியாசம் வராது. நடுக்கோட்டுக்கும் விளிம்புக்கும் சரிபாதித் தூரத்தில் நின்றால்கூட 87 விழுக்காடு நேரம் கிடைக்கிறது. நடுக்கோட்டில் 4 நிமிடம் என்றால் அங்கே சுமார் 3 நிமிடம் 28 நொடி. இழப்பு அரை நிமிடம். அதற்கு ஈடாகக் கிடைப்பதோ பாதையின் இரு பக்கமும் பரந்து கிடக்கும் சிற்றூர்கள், ஏரிக்கரைகள், விளையாட்டு மைதானங்கள்.

அதற்கும் அப்பால் போனால் சரிவு வேகமாகிவிடும். விளிம்பை நோக்கி ஐந்தில் நான்கு பங்குத் தூரம் போனால் 60 விழுக்காடுதான், பத்தில் ஒன்பது பங்கு போனால் பாதிக்கும் குறைவு. ஆகவே வரைபடத்தில் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும், விளிம்புவரை உள்ள தூரத்தில் பாதி வரை ஒரு பட்டையைக் குறித்துக்கொண்டு, அதற்குள் தேடுங்கள்.

தேடும்போது நான் பார்க்கும் முதல் விஷயம் சாலை. ஒரு இடத்துக்கு ஒரே ஒரு சாலைதான் என்றால், அந்த இடம் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். மலைப்பள்ளத்தாக்கு, தீபகற்பத்தின் முனை, ஒற்றைப் பாலத்தைத் தாண்டிய தீவு எல்லாம் இந்த வகை. உள்ளே போவதற்கு மூன்று நாள் இருக்கிறது. வெளியேறும்போது எல்லாருக்கும் அதே ஒரு வழி. இரண்டு மூன்று திசையில் பிரியும் சாலைச் சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர், அதிலும் நெடுஞ்சாலைக்கு 15, 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர், பெரும்பாலும் நல்ல தேர்வாக அமையும். அந்த ஊர் கிரகணத்துக்கென்று ஏதாவது ஏற்பாடு செய்கிறதா என்றும் பாருங்கள். ஏற்பாடு செய்யும் ஊரில் கூட்டம் கூடுதலாக இருக்கும்தான். ஆனால் கழிப்பறை, வாகன நிறுத்தம், முதலுதவி ஆகியவையும் இருக்கும். சின்னக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் அப்படிப்பட்ட ஊரையே தேர்ந்தெடுக்கலாம்.

மேகத்தோடு ஒரு பேச்சுவார்த்தை

வானிலை விஷயத்தில் இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. ஒன்று, அந்த மாதத்தில் அந்த இடத்தில் வழக்கமாக மேகம் எவ்வளவு? இதற்குப் பல ஆண்டு செயற்கைக்கோள் பதிவுகள் பதில் சொல்லும். கனடாவைச் சேர்ந்த வானிலையாளர் ஜே ஆண்டர்சன் ஒவ்வொரு கிரகணத்துக்கும் இந்தப் பதிவுகளை அலசிப் பாதை நெடுக விளக்கமாக எழுதுகிறார். ஓராண்டுக்கு முன் விமான டிக்கெட்டும் விடுதியும் பதிவு செய்ய இது போதும். இரண்டாவது கேள்வி, அந்த ஒரு நாளில், அந்தச் சில நிமிடங்களில் மேகம் இருக்குமா? இதற்குப் பழைய பதிவுகள் உத்தரவாதம் தராது.

2024இல் அதுதான் நடந்தது. நீண்டகாலப் பதிவுகளின்படி மெக்சிகோவும் டெக்சஸும் நம்பிக்கையான இடங்கள். வடகிழக்கில் வெர்மான்ட், மெய்ன் மாநிலங்களில் ஏப்ரல் மாதம் மேகமூட்டம் அதிகம். கிரகணத்தன்று டெக்சஸின் பல பகுதிகளை மேகம் மூடியிருந்தது, மெய்னில் வானம் பளிச்சென்று இருந்தது. முன்னறிவிப்பைப் பார்த்துக் கடைசி நேரத்தில் ஏராளமானோர் வடகிழக்கு நோக்கித் திரும்பினார்கள். அந்தக் கூட்டமே மாலையில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் சாலைகளில் மாட்டிக்கொண்டது. மூன்று நான்கு மணி நேரப் பயணம் பலருக்கு நள்ளிரவைத் தாண்டியும் முடியவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, மாற்றிடம் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது. ஆனால் மாற்றிடத்துக்கு எப்போது நகர்வது என்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஐந்து நாள் முன்பு வரும் முன்னறிவிப்பைப் பார்த்துப் பதறாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் முன்பு வெவ்வேறு வானிலை மாதிரிகள் ஒரே விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் அதை நம்பலாம். பெரிய நகர்வு, அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றால், முந்தின நாள் மாலைக்குள் முடித்துவிடுங்கள். கிரகணத்தன்று காலையில் செயற்கைக்கோள் படங்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்து, 20, 30 கிலோமீட்டர் நகர்ந்தால் இடைவெளி கிடைக்குமா என்று பார்க்கலாம். பகுதி கிரகணம் தொடங்கிய பிறகு காரை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் சாலையில் எங்கே நின்றுவிடுவீர்கள் என்று சொல்ல முடியாது.

மேகத்தின் வகையையும் கவனியுங்கள். உயரத்தில் மெல்லிய திரை போலப் பரவும் கீற்றுமேகம் வழியாகக் கரோனா தெரியும். வெயில் சூட்டில் பிற்பகலில் திரளும் குவிமேகங்கள், கிரகணம் முற்றி நிலம் குளிரத் தொடங்கியதும் கரைந்துபோவதும் உண்டு. அவற்றைப் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டாம். வானம் முழுக்க அடர்ந்த சாம்பல் போர்வை என்றால்தான் நகர்வதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தங்குமிடமும் நாட்களும்

வருகிற கூட்டம் மூன்று நான்கு நாட்களாகப் பிரிந்து வருகிறது. போகிற கூட்டமோ முழு மறைப்பு முடிந்த சில நிமிடங்களில் ஒன்றாகக் கிளம்புகிறது. நெரிசல் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆகவே விடுதி பதிவு செய்யும்போது முந்தின இரவைவிட அடுத்த இரவுக்கு முக்கியத்துவம் கொடுங்கள். இரண்டுக்கும் அறை கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கிரகணம் முடிந்த இரவுக்கு எடுத்துவிட்டு, முந்தின இரவு பாதைக்கு வெளியே தங்கி விடியுமுன் வந்துசேருங்கள்.

பாதைக்குள் இருக்கும் விடுதிகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும். கிரகணம் என்று தெரியாமல் பழைய விலைக்கு அறை கொடுத்துவிட்டு, பிற்பாடு பதிவை ரத்து செய்து புது விலை கேட்ட விடுதிகள் பற்றி 2017இலும் 2024இலும் புகார்கள் எழுந்தன. உறுதிக் கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் விடுதிக்கு நேரடியாகத் தொடர்புகொண்டு பதிவு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் வேறொரு ஊரில் இன்னொரு அறையும் பதிவு செய்து வைத்தால், மேகம் மூடி இடம் மாற வேண்டியிருந்தாலும் அது உதவும். தேவையில்லாததை உரிய நேரத்தில் விட்டுக்கொடுங்கள், இன்னொருவருக்குப் பயன்படும்.

கூடாரம் போட்டுத் தங்க வசதியுள்ள இடம் என்றால் அதுவே சிறந்தது. பார்க்கும் இடத்திலேயே விழித்தெழுந்து, பார்த்த இடத்திலேயே அன்றிரவு உறங்கலாம்.

முந்தின நாள், அதே மணிக்கு

இந்த ஒரு வேலையைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். கிரகணத்துக்கு முந்தின நாள், முழு மறைப்பு நிகழும் அதே மணிக்கு, நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு நாள் இடைவெளியில் சூரியனின் இடம் அரைப் பாகைகூட மாறுவதில்லை. எனவே நாளைக்குச் சூரியன் எங்கே இருக்கும் என்பதை இன்றைய சூரியனே காட்டிவிடும். வெறும் கண்ணால் பார்க்காமல் கிரகணக் கண்ணாடி அணிந்து பாருங்கள். கட்டடம் மறைக்கிறதா, மின்கம்பம் குறுக்கே வருகிறதா, விளக்குக் கம்பம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். விளக்குக் கம்பம் முக்கியம். தானியங்கித் தெருவிளக்குகள் முழு மறைப்பின் இருட்டில் எரியத் தொடங்கிவிடும், சரியாக உங்கள் கண்முன்னே. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்தக் கைமுட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. சூரியன் தாழ்வாக இருக்கும் கிரகணங்களுக்கு இந்த அளவு உதவும்.

அன்று மாலையே வண்டிக்கு எரிபொருள் நிரப்பிவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் ஒன்றரை நாளுக்குப் போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்க் கடைகள் காலையிலேயே காலியாகிவிடக் கூடும், அட்டை இயந்திரங்கள் வேலை செய்யாமல் போகக் கூடும், அதனால் கொஞ்சம் ரொக்கமும் தேவை. கழிப்பறைக் காகிதம், கை கழுவும் திரவம், குப்பைப் பை, தொப்பி, மாலையில் போர்த்த ஒரு சட்டை, கைவிளக்கு, உட்கார ஒரு பாய், வழக்கமாக எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றையும் மறக்காதீர்கள்.

கைபேசி வலையமைப்பை நம்பாதீர்கள். பல்லாயிரம் பேர் ஒரே கோபுரத்தின் கீழ் படம் அனுப்ப முயன்றால் அழைப்பே போகாமல் நின்றுவிடும். வரைபடத்தை இணையமில்லாமல் பார்க்கும்படி தரவிறக்கி வையுங்கள். திரும்பும் வழிகளை, ஒன்றுக்கு இரண்டாக, ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். குழுவாகப் போனால், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது, எத்தனை மணிக்கு என்று முன்பே பேசி வைத்துவிடுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் பெற்றோரின் எண்ணை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும்.

காரை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தவே கூடாது. காய்ந்த புல்மேல் நிறுத்துவதும் ஆபத்து, சூடான புகைக்குழாய் பட்டுத் தீப்பிடிக்கலாம். அனுமதியுள்ள இடத்தில், வெளியேறும் திசையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். இருட்டினால் தானாக எரியும் முகப்பு விளக்குகளை அணைத்து வைப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

கண்

சூரியனின் ஒரு கீற்று வெளியே இருந்தாலும் கிரகணக் கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும். விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. சுட்டுப்போனாலும் அந்த நேரத்தில் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவே கறை தோன்றும். சாதாரணக் குளிர்க்கண்ணாடி, எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் உதவாது.

ஐஎஸ்ஓ 12312-2 தரம் பெற்ற கண்ணாடியைச் சில மாதங்களுக்கு முன்பே நம்பகமான இடத்தில் வாங்குங்கள். கோளரங்கம், வானியல் கழகம் போன்றவற்றின் வழியாக வாங்குவது நல்லது. முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் நீங்களும் சோதித்துப் பாருங்கள்: வீட்டுக்குள் அணிந்தால் எதுவுமே தெரியக்கூடாது, மிகப் பிரகாசமான விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியலாம். கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். பைனாகுலர், தொலைநோக்கி, கேமரா லென்ஸ் ஆகியவற்றுக்கு வடிகட்டி முன்பக்கத்தில் மாட்டப்பட வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெறும் பைனாகுலர் வழியாகப் பார்த்தால், குவிந்த வெப்பம் கண்ணாடியைப் பொசுக்கிக் கண்ணையும் பொசுக்கிவிடும்.

முழு மறைப்பு நடக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் விதிவிலக்கு. அப்போது கண்ணாடியைக் கழற்றத்தான் வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தால் கும்மிருட்டுத்தான் தெரியும். பயந்துபோய் கழற்றாமலே இருந்து கரோனாவைத் தவறவிடுவோரும் உண்டு. பாதைக்கு வெளியே நிற்பவர்களுக்கு இந்த விதிவிலக்கு கிடையாது, கடைசிவரை கண்ணாடி இருக்க வேண்டும்.

அந்த ஒன்றேகால் மணி நேரமும் சில நிமிடங்களும்

சூரியனின் விளிம்பில் முதல் கடி விழுவதிலிருந்து முழு மறைப்பு வரை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முதல் அரைமணி நேரம் சுற்றுப்புறத்தில் மாற்றமே தெரியாது. அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள்.

முக்கால்வாசி மறைந்த பிறகு கீழே பாருங்கள். மரத்தடியில், இலைகளுக்கு நடுவே ஒழுகும் வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் சின்னச் சின்னப் பிறைகளாக மாறியிருக்கும். விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் தரையில் நிழல் விழச் செய்தால் அங்கேயும் பிறைகள். இன்னும் கொஞ்சம் போனால் நிழல்களின் ஓரம் ஒரு திசையில் கத்திபோலக் கூர்மையாகிவிடும். கையின் நிழலில் ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரியும். வெளிச்சத்தின் நிறமே மாறும். அந்தியில் வரும் மஞ்சள் வராது, உலோகத்தைப் போன்ற ஒரு சாம்பல் பளபளப்பு வரும். காற்று குளிரத் தொடங்கும், வெப்பம் சில பாகை இறங்குவதை உடம்பே உணரும்.

கடைசி இரண்டு நிமிடங்களில் வெள்ளைத் துணியோ வெளிறிய தரையோ பக்கத்தில் இருந்தால் பாருங்கள், நிழற்பட்டைகள் நெளிந்து ஓடலாம். அதே நேரம் நிழல் வரும் திசை அடிவானத்தையும் ஒருமுறை பாருங்கள். மணிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருட்டு வந்து விழுவதை மேட்டு நிலத்தில் நிற்பவர்கள் தெளிவாகக் காணலாம்.

அப்புறம் எல்லாம் வேகம். நிலவின் விளிம்பில் உள்ள பள்ளத்தாக்குகள் வழியாகச் சூரிய ஒளி மணிமணியாகப் பிரியும். இதற்குப் பெய்லியின் மணிகள் என்று பெயர். கடைசி மணி வைர மோதிரமாக மின்னி அணையும். கண்ணாடிக்குள் முழு இருட்டு வந்ததும் கழற்றுங்கள். கரும் வட்டத்தைச் சுற்றி வெள்ளை இழைகள், விளிம்பில் இளஞ்சிவப்பாகச் சில தீநாக்குகள். பைனாகுலர் இருந்தால் இப்போது வடிகட்டி இல்லாமல் பார்க்கலாம், ஆனால் முழு மறைப்பு முடிவதற்கு அரை நிமிடம் முன்பே கீழே வைத்துவிட வேண்டும். அதற்காகவே கைபேசியில் ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்து நொடியாவது சூரியனை விட்டுவிட்டு சுற்றிலும் பாருங்கள்: நாலாபுறமும் அந்தி, நடுவே இரவு, பக்கத்தில் நிற்பவர்களின் முகங்கள். எதிர்ப்பக்க விளிம்பில் வெளிச்சம் துளிர்த்த கணமே மறுபடி கண்ணாடி.

படம் எடுப்பது பற்றி என் அபிப்பிராயம் இது: முதல் கிரகணத்தில் வேண்டாம். உலகின் தேர்ந்த கைகள் எடுத்த படங்கள் மறுநாளே கிடைத்துவிடும். நீங்கள் பார்த்தது மட்டும் உங்களிடம்தான் இருக்கும். நினைவுக்கு ஏதாவது வேண்டும் என்றால், கைபேசியை ஒரு முக்காலியில் வைத்து, கூட்டமும் அடிவானமும் தெரியும்படி அகலமாகத் திருப்பி, ஐந்து நிமிடம் முன்பே காணொளியை ஓடவிட்டு மறந்துவிடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கூட்டத்தின் கூச்சலும் உங்கள் சொந்தக் குரலும் அதில் பதிந்திருக்கும், எந்த நெருக்கப் படத்தையும்விட அது மதிப்புள்ளது.

திரும்பும் நேரம்

முழு மறைப்பு முடிந்த ஐந்தாவது நிமிடமே கார்கள் உறுமத் தொடங்கும். நீங்கள் உட்கார்ந்திருங்கள். வானத்தில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காட்சி மிச்சமிருக்கிறது, நிலவு விலகி முழுச் சூரியன் வெளிவரும்வரை. அதைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. குழந்தைகளை ஓடி விளையாட விடுங்கள், சாப்பிடுங்கள், பார்த்ததை அவரவர் ஒரு தாளில் எழுதவோ வரையவோ செய்யுங்கள். கரோனாவின் வடிவத்தை ஆளுக்கொரு விதமாக வரைவார்கள், அதை ஒப்பிட்டுப் பேசினாலே பொழுது போய்விடும்.

அடுத்த நாள் காலை கிளம்புவதுதான் என் பரிந்துரை. அன்றே திரும்பியாக வேண்டும் என்றால் இரவு உணவுக்குப் பிறகு, ஓட்டுநர் ஒரு தூக்கம் போட்ட பின் கிளம்புங்கள். விமானத்தை அன்று மாலைக்குப் பதிவு செய்யவே செய்யாதீர்கள். 2017 கிரகணத்தைச் சூழ்ந்த மூன்று நாட்களில் அமெரிக்கச் சாலைகளில் உயிரிழப்பு விபத்துகள் வழக்கத்தைவிட 31 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியான கணக்கு சொல்கிறது. அறிமுகமில்லாத சாலை, அவசரம், தூக்கமின்மை, நெரிசல் எல்லாம் ஒன்றாகச் சேரும் நாள் அது. வண்டியை எடுக்கும் முன் எரிபொருள் முள்ளைப் பாருங்கள், தாளில் எழுதிய இரண்டாவது வழியைப் பாருங்கள். வழிகாட்டிச் செயலி காட்டும் குறுக்குவழி மண்சாலை என்றால் விட்டுவிடுங்கள், உங்களுக்குக் காட்டியதை அது எல்லாருக்கும் காட்டியிருக்கும்.

நின்ற இடத்தில் ஒரு குப்பைத் துண்டுகூட இல்லாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். கீறல் விழாத கண்ணாடிகளை வீசிவிடாதீர்கள். எல்லைகளற்ற வானியலாளர்கள் போன்ற அமைப்புகள் அவற்றைச் சேகரித்து, அடுத்த கிரகணப் பாதையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பி வைக்கின்றன. கொடுக்க வாய்ப்பில்லை என்றால் ஒரு தடித்த உறையில் தட்டையாக வைத்து, வாங்கிய ஆண்டை மேலே எழுதி, மடங்காத இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.